அம்புலன்ஸ் வரும்வரை: வன்னியில் முதலுதவி பழகத் தொடங்குபவர்களுக்கு

பெரியப்பாவைப் புடையன் பாம்பு கடித்தபோது அவர் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தார். கத்திய சத்தம் கேட்டு ஓடிப்போன நான் முதலில் செய்த வேலை, பக்கத்தில் கிடந்த கன்றுக்கயிற்றை எடுத்து அவருடைய முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியது. அதற்குள் பக்கத்து வயல்காரர் பிளேட்டோடு வந்துவிட்டார், "வெட்டி இரத்தத்தை விடுவம்" என்று. இன்னொருவர் பரியாரியாரிடம் விஷக்கல் இருக்கிறது என்றார். இந்த வாக்குவாதத்தில் போனது முக்கால் மணி நேரம். பிறகு லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டியில் குலுங்கிக் குலுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டொக்டர் பாம்பைப் பற்றி விசாரிக்க முதல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கயிறு கட்டினது ஆர்?"

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். கால் தேற மாதக்கணக்கானது. அதில் பாம்பின் பங்கு எவ்வளவு, என் கயிற்றின் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகுதான் இரண்டு நாள் முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போனேன். அங்கே கேட்டதையும், அதற்குப் பிறகு ஊரில் கண்டதையும் சேர்த்து, புதிதாகப் பழக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை என்றால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார். உள்ளூர்களிலிருந்து அங்கே போகக் காட்டுப் பாதை, குளக்கட்டு, மாரியில் வெள்ளம், இரவில் யானை. நகரத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற தூரம் எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆளைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் நாங்கள் பழக வேண்டிய வேலை. வைத்தியம் பார்ப்பது அல்ல.

முதல் ஒரு நிமிடம்

எந்த விபத்தானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் நில்லுங்கள், சுற்றிப் பாருங்கள். பாம்பு இன்னும் அங்கேயே கிடக்கிறதா? கரண்ட் வயர் அறுந்து விழுந்திருக்கிறதா? ஏ-9 வீதியில் வேகமாக வாகனம் வருகிறதா? நீங்களும் விழுந்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். பன்றிக்கு என்று திருட்டுக் கரண்ட் கொடுத்த வேலியில் ஒருவர் விழ, அவரைப் பிடித்தவரும் அதே இடத்தில் போன கதைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. கரண்டை நிறுத்தாமல் தொடாதீர்கள். வீதியின் பெரிய கம்பி அறுந்து விழுந்திருந்தால் கிட்டவே போகாதீர்கள். மின்சார சபை நிறுத்தும்வரை ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

இடம் பாதுகாப்பு என்றால் கிட்டப் போய்த் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். "அண்ணை, கேக்குதோ?" பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து நாடியை (தாடையை) உயர்த்தி, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி இடைக்கிடை ஒரு இழுப்பு வந்தால் அதை மூச்சு என்று எண்ணாதீர்கள். அது மூச்சு இல்லை. மூச்சு இல்லாதவருக்குச் செய்ய வேண்டியது கீழே 'குளம்' பகுதியில் இருக்கிறது.

அடுத்தது 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பது. சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அழைப்பும் இலவசம், வண்டியும் இலவசம், தமிழில் பேசலாம். பலர் செய்கிற பிழை, "எங்கட வீட்டடியில்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவது. எங்கள் ஊர்களில் வீதிக்குப் பெயர் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை. ஆகவே பெரிய வீதியிலிருந்து தொடங்குங்கள்: "பரந்தன் முல்லைத்தீவு வீதி, தருமபுரம் தாண்டி விசுவமடுச் சந்தி, அதில் இடப்பக்கம் திரும்பி, மூன்றாவது மதகு, பிள்ளையார் கோயிலுக்கு எதிர் ஒழுங்கை." பிறகு என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. அவர்கள் சொல்லாமல் போனை வைக்காதீர்கள். மோட்டார் சைக்கிள் உள்ள ஒரு பெடியனை டோர்ச் லைட்டோடு சந்தியில் நிறுத்துங்கள். இரவில் அந்தப் பெடியன் இருபது நிமிடத்தை மிச்சம் பிடிப்பான்.

ஒரு சின்ன வேலை, இன்றைக்கே செய்யலாம். இந்த வழி விபரத்தை ஒரு மட்டையில் எழுதி வீட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த ஊர்ப் பெயரே வாயில் வராது. எனக்கு வரவில்லை.

அம்புலன்ஸ் வர நேரமாகும் என்று அவர்களே சொன்னால், சொந்த வாகனத்தில் புறப்பட்டு வழியில் சந்திப்பதற்கு இடம் பேசிக்கொள்ளலாம்.

மூச்சு இருக்கிறது, ஆனால் நினைவில்லை

இந்த நிலையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு விசிறுவதும், வாயில் சோடா ஊற்றுவதும் ஊர் வழக்கம். வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. மல்லாக்கக் கிடந்தால் நாக்கு பின்னுக்குப் போகும், சத்தி வந்தால் நுரையீரலுக்குள் இறங்கும்.

ஆளைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பக்கத்தில் முழந்தாளிடுங்கள். உங்கள் பக்கத்துக் கையை வெளியே நீட்டி வையுங்கள். மற்றக் கையின் புறங்கையை அவருடைய கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். தூரத்து முழங்காலை மடக்கி உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாக உருண்டு வரும். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் நிலத்தைப் பார்க்கிற மாதிரி விடுங்கள். வாசித்தால் சிக்கலாகத் தெரியும். வீட்டில் ஒருவரைப் பாயில் படுக்கவைத்து இரண்டு தரம் செய்து பாருங்கள், மூன்றாம் தரம் கை தானாகப் போகும். என் மகள் எட்டு வயதில் என்னைத் திருப்பினாள்.

வலிப்பு வந்தவருக்கும் இதே நிலைதான், ஆனால் வலிப்பு ஓய்ந்த பிறகு. வலிக்கும்போது கையில் திறப்பைக் கொடுப்பது, பல்லுக்கிடையில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். தலைக்குக் கீழே மெதுவான துணி, சுற்றியுள்ள கல் கட்டையை அகற்றல், மணிக்கூட்டைப் பார்த்தல். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முதல் மறுபடி வந்தால் 1990.

பாம்பு

இதை நீட்டி எழுதத்தான் வேண்டும். எங்கள் பக்கம் கவலைப்பட வேண்டியவை புடையன், எண்ணெய் விரியன், நாகம், மணல் பாங்கான கரையோரங்களில் சுருட்டை விரியன். புடையன் கடித்தால் நோவும் வீக்கமும் உடனே தெரியும். அதன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுக்கும், பல் முரசிலிருந்து இரத்தம் கசியும். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பார்களே, அது உறைகிறதா என்று பார்க்கத்தான். இப்படி இரத்தம் உறையாத ஒருவருடைய காலைப் பிளேட்டால் கீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணெய் விரியன் வேறு சாதி. இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைக் கடிக்கும். எறும்பு கடித்த அளவு நோவுகூட இருக்காது. பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். சில மணி நேரத்தில் வயிற்று நோ, பிறகு கண்ணிமை தானாகச் சரியும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். ஆகவே நிலத்தில் படுத்த ஒருவர் விடியப்புறம் எழும்பி வயிறு நோகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால், பாம்பைக் கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்காமல் கொண்டுபோங்கள். நுளம்பு வலையின் கரையைப் பாய்க்குக் கீழே சொருகிப் படுப்பது நுளம்புக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவு:

ஆளைப் பாம்பிடமிருந்து விலக்கி இருத்துங்கள். "பயப்படாதேங்கோ, மருந்து இருக்கு" என்று சொல்லுங்கள். இது சும்மா ஆறுதல் அல்ல, உண்மை.

மோதிரம், காப்பு, கொலுசு, சப்பாத்து, இடுப்பில் இறுக்கமானவை எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கின பிறகு கழற்ற முடியாது.

கடித்த காலை அல்லது கையை எலும்பு முறிந்தது மாதிரி நினைத்து அசையாமல் கட்டுங்கள். இரண்டு தடி, ஒரு சாரம் போதும். இறுக்கக் கூடாது, விரல் ஒன்று உள்ளே போக வேண்டும். விஷம் பரவுவதற்குத் தசை அசைவுதான் பெரிய உதவி. அதனால் நடக்க விடாதீர்கள். மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருக்கிறது என்றால் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கடித்த நேரத்தை எழுதுங்கள். புறப்படுங்கள்.

செய்யக் கூடாதது இதைவிட நீளம். கயிறு வேண்டாம், கீறல் வேண்டாம், வாயால் உறிஞ்சல் வேண்டாம், ஐஸ் வேண்டாம், சாராயம் வேண்டாம். பாம்பைத் தேடி அடிப்பதும் வேண்டாம். எங்கள் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது, மேலே சொன்ன நாலு வகைக்கும் ஒரே மருந்து. பாம்பின் உடல் இல்லாவிட்டாலும் டொக்டர் அறிகுறியைப் பார்த்து முடிவெடுப்பார். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் விடுங்கள். செத்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

விஷக்கல் வைத்துச் சுகப்பட்டவர்களை நானும் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. விஷப்பாம்பு கடித்தாலும் எல்லாத் தரமும் விஷம் இறங்குவதில்லை. விஷமில்லாத பாம்புகளும் ஏராளம். அவர்கள் எல்லாம் கல் வைக்காமலும் சுகப்பட்டிருப்பார்கள். விஷம் இறங்கியவருக்குக் கல் செய்கிற ஒரே வேலை நேரத்தைத் தின்பது. பரியாரியாரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. "முதல் ஆஸ்பத்திரி, பிறகு வந்து பார்வை பார்ப்பம்" என்றால் கிழவிகளும் சம்மதிப்பார்கள். என் ஆச்சி சம்மதித்தார்.

இரத்தம்

இந்த மண்ணில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்தத்தை அடக்குவது பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போர்க்காலத்தில் பங்கருக்குள் சீலை கிழித்துக் கட்டிய கைகள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. அவர்களிடம் கேட்டுப் பழகலாம், அவர்கள் பேச விரும்பினால். இளம் ஆட்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

காயத்தின் மேல் துணியை வைத்து, உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமத்துங்கள். உங்கள் கைக்குக் கையுறை, இல்லாவிட்டால் சொப்பிங் பை. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அமத்துங்கள். பத்து நிமிடம் தூக்கிப் பார்க்காதீர்கள்; தூக்கிப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் உறையத் தொடங்கியது உடையும். குத்தி நிற்கிற கம்பி, தடி எதையும் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக நிற்கும். காப்பித்தூள், புகையிலை, சிலந்தி வலை எதுவும் போட வேண்டாம்.

கயிறு கட்டாதே என்று மேலே சொன்னேன். இங்கேதான் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். மிருகங்களுக்குப் பொறியாக வைக்கிற கட்டுத்துவக்கு வெடித்துக் கால் சிதைந்தவர், உழவு இயந்திரத்தில் கை போனவர், பீறிட்டுப் பாய்கிறது, அமத்தியும் நிற்கவில்லை: அப்போது கட்டத்தான் வேண்டும். பாம்புக்குக் கட்டினால் காலைக் கெடுக்கும், இங்கே கட்டாவிட்டால் உயிர் போகும். கயிறோ கம்பியோ வேண்டாம், அவை சதையை அறுக்கும். நாலு விரல் அகலத்துக்கு மடித்த துணி. காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டில் படாமல் சுற்றி முடிச்சிட்டு, ஒரு தடியை வைத்து இன்னொரு முடிச்சு. இரத்தம் நிற்கும்வரை தடியைத் திருகி அதையும் கட்டிவிடுங்கள். நோகும், கத்துவார். நேரத்தை நெற்றியில் பேனையால் எழுதுங்கள். அதற்குப் பிறகு இளக்குவது டொக்டரின் வேலை.

வெடிபொருள் பற்றி ஒரு வார்த்தை. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. காணி துப்புரவாக்கிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும்போது வெடித்த சம்பவங்கள் உண்டு. வெடித்து ஒருவர் விழுந்து கிடந்தால் ஓடிப்போகாதீர்கள். இது சொல்ல எளிது, நிற்கக் கடினம். ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கும். நின்ற இடத்திலிருந்தே அசைய வேண்டாம் என்று அவருக்குக் கத்திச் சொல்லுங்கள், அவரால் முடிந்தால் தன் காயத்தைத் தானே அமத்தச் சொல்லுங்கள், பொலிசின் 119க்கும் 1990க்கும் அழையுங்கள். உள்ளே போவதற்கு அந்த வேலை தெரிந்தவர்கள் வர வேண்டும்.

குளம்

மாரி பெய்து குளங்கள் வான் பாயத் தொடங்கினால் சனம் குளிக்கத் திரளும். இரணைமடுவில் கதவு திறக்கிறார்கள் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருவார்கள். மேலே அமைதியாகத் தெரிகிற தண்ணீருக்குக் கீழே இழுவை, தாமரைக்கொடி, மண் அள்ளிய குழி.

தாழ்கிறவரை நீந்திப் பிடிக்கப் போனால் அவர் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார். கரையிலிருந்து தடியை நீட்டுங்கள், சாரத்தை முறுக்கி எறியுங்கள், மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கானை எறியுங்கள். கான் ஒரு ஆளைத் தாங்கும்.

கரைக்கு எடுத்த பிள்ளையைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். வயிற்றை அமத்தித் தண்ணீர் எடுப்பதையும். இரண்டும் வேண்டாம். போன நேரம் மூச்சுக்குரிய நேரம். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தரம் நெஞ்சு எழும்பும்படி ஊதுங்கள். தண்ணீரில் தாழ்ந்தவருக்குக் குறைந்தது காற்று, ஆகவே முதலில் அதுதான்.

பிறகு நெஞ்சின் நடுவில், முலைகளுக்கிடையில், ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து மற்றக் கையை மேலே கோத்து, முழங்கையை மடக்காமல் அமத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், பிள்ளைகளுக்கு நெஞ்சின் மூன்றிலொரு பங்கு. சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும், கைக்குழந்தைக்கு நெஞ்சைச் சுற்றிப் பிடித்து இரண்டு பெருவிரல். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு. 30 தரம் அமத்தி 2 தரம் ஊதி, மறுபடி 30. விலா எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், ஏனென்றால் சோர்ந்த கை ஆழம் போகாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திடீரென்று விழுந்த பெரியவருக்கு, ஊதத் தெரியாவிட்டால் அல்லது மனம் வராவிட்டால், நிறுத்தாமல் அமத்துவது மட்டுமே பெரிய உதவி.

இதைத் தலையணையில் பழகலாம் என்று சிலர் சொல்வார்கள். வேகத்துக்குச் சரி, ஆழத்துக்குச் சரிவராது. பொம்மையில் ஒருமுறையாவது அமத்திப் பார்க்க வேண்டும். உயிருள்ள ஆளில் ஒருபோதும் பழகாதீர்கள்.

சில சின்ன விடயங்கள்

நெல் அவிக்கிற பானை கவிழ்ந்தால், குப்பி விளக்கு சரிந்தால்: கிணற்றுத் தண்ணீர், 20 நிமிடம், வாளி வாளியாக. பற்பசையும் முட்டையும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம், ஒட்டின சட்டையை இழுக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள்.

பூச்சி மருந்து அடித்தவருக்கு வாய்நீர் வடிந்து, வியர்த்து, கண்மணி சுருங்கினால் சட்டையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். யாராவது அந்த மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்துச் சத்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கூடக் கொண்டுபோங்கள். ஏன், எதற்கு என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம்.

நாய் கடித்தால் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரத்தோடு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. வளர்ப்பு நாய்தானே என்று விடாதீர்கள். விசர் வந்த பிறகு மருந்து இல்லை.

எங்கே பழகுவது

இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாவட்டக் கிளைகள் உண்டு, சென் ஜோன் அம்புலன்ஸ் அமைப்பும் பயிற்சி கொடுக்கிறது. தனி ஆளாகப் போய்க் கேட்பதைவிட, கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ விளையாட்டுக் கழகமோ இருபது பெயரைச் சேர்த்து ஒரு கடிதத்தோடு கேட்டால் பயிற்றுநர் ஊருக்கே வர வாய்ப்புக் கூட. கிராம அலுவலரிடமும், வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடமும் சொல்லி வையுங்கள். சூடு மிதிப்பு, அறுவடை இல்லாத மாதமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் கதிரைதான் மிஞ்சும். அத்தோடு, பழகியது சில மாதத்தில் மறக்கத் தொடங்கும். நாங்கள் வருடத்துக்கு இரண்டு தரம் சனசமூக நிலையத்தில் கூடி, ஒருவரை விழுந்தவராகப் படுக்கவைத்துச் செய்து பார்க்கிறோம். விழுந்தவராக நடிக்கப் பெடியளுக்குள் போட்டி.

வீட்டுப் பெட்டிக்குப் பெரிய செலவில்லை. அகலமான பண்டேஜ் நாலு, கோஸ், பழைய சாரத்தில் வெட்டிய முக்கோணத் துணி இரண்டு, கையுறை, சவர்க்காரம், டோர்ச், பேனை, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற தூள்) பைக்கற் சில, ஒரு கத்தரிக்கோல். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கதவுக்குப் பின்னால், பிள்ளைக்கு எட்டாத ஆனால் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கத்தரிக்கோலைப் பெட்டியோடு நூலால் கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மூன்று தரம் தையல் மெசின் மேசைக்குப் போய்விட்டது.